கவிழ்த்து மாட்டிய பூவாளி

ஏப்ரல் 7, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று சொன்னால் ஒன்பதரைக்கு வருகிறார்கள். வந்ததும் முதல் கேள்வி, "டீ இருக்கா?" களை பிடுங்க வந்தார்களா, கல்யாணத்துக்கு வந்தார்களா?

குடியிருப்பின் தோட்டக் குழுவில் பேருக்கு ஒரு பட்டாளமே இருக்கிறது. இன்று மண்ணில் கை வைத்தது நானும் தங்கையும் இன்னும் நாலு பேரும். மற்றவர்கள் கையுறை மாட்டி, கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கையுறையில் ஒரு பொட்டு மண் இல்லை.

எலுமிச்சை பூத்திருக்கிறது. மூன்றாவது மாடி வரை மணம். நானும் தங்கையும் எதிரெதிர்க் கட்டடங்களில் வீடு வாங்கிக் குடிவந்த வருடம் நடு முற்றத்தில் சேர்ந்து நட்ட மரம். முற்றத்துக்கு அடியில் கார் நிறுத்தும் தளம் இருப்பதால் தரையில் நட முடியாது என்றார்கள். செங்கல் வைத்துப் பெரிய தொட்டி கட்டி நட்டோம். வெயில் காலத்தில் தினமும் ஒரு பூவாளித் தண்ணீர், அவ்வளவுதான். ஊற்றியவர் பூவாளியைப் பக்கத்துக் கம்பத்தில் கவிழ்த்து மாட்டிவிட்டுப் போக வேண்டும். கவிழ்ந்திருந்தால் இன்றைக்கு ஆகிவிட்டது. மறுநாள் விடியும் முன் காவலாளி நிமிர்த்தி வைத்துவிடுவார். இந்தக் குடியிருப்பில் சொல்லாமலே ஒழுங்காக நடக்கிற ஒரே காரியம் இதுதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எழுத எழுதப் பேனா தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? ஆளுக்கு இத்தனை செடி, அவரவர் செடிக்கு அவரவர் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை நான் சுற்றிப் பார்ப்பேன் என்றேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தவள். எனக்கு வேறு எப்படி வேலை பார்க்கத் தெரியும்? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். தங்கைதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, நீ தோட்டம் பாக்கல. வார்டு பாக்குற."

சிரித்தார்கள். அத்தனை பேரும். பல் டாக்டர் தன் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரித்தார். தரைத்தளத்துக்காரர். கீழே இடம் இல்லாமல் அவர் கார் நிற்பது முற்றத்தில், எலுமிச்சைக்குப் பக்கத்தில். பழம் விழுந்து கார் மூடி நசுங்குகிறது என்று, மரத்தை எடுக்கச் சொல்லி மாதம் ஒரு புகார் கொடுக்கிற மகானுபாவர், அவர் சிரிக்கிறார்!

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இத்தன பேர்ல ஒருத்தராவது அந்த மரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருக்கீங்களா? நான் இல்லன்னா அது என்னைக்கோ செத்துப்போயிருக்கும்! இனிமே நீங்களே பாத்துக்கங்க!" என்று கத்தினேன். பூவாளியைக் கம்பத்திலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"பூவாளிய எங்க தூக்கிட்டுப் போற?" என்றாள் தங்கை.

"இது நான் வாங்குன பூவாளி. என் வீட்டுக்குப் போகுது."

இப்போது பால்கனியில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

அவள் கூப்பிடவில்லை. நான் ஏன் கூப்பிட வேண்டும்? சின்னவள் அவள்.

ஏப்ரல் 25, வியாழன்

மரத்தோடு எனக்கென்ன சண்டை? வாயில்லாத ஜீவன். யாரும் எழுந்திருக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன். பூவாளியைக் கொண்டுபோகவில்லை. கம்பத்தில் அதைப் பார்த்தால், "கோவிச்சுக்கிட்டுப் போனாங்க, தானா வந்துட்டாங்க" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தேவையா?

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே கேட்டார். "உனக்குக் கோவம் மரத்து மேலயா, தங்கச்சி மேலயா?" தினமும் ஊற்றப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மே 12, ஞாயிறு

தோட்டக் குழுவை இப்போது அவள் நடத்துகிறாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். முதலில் டீ. பிறகு பிஸ்கட். பிறகு ஒரே சிரிப்பு. பத்து மணிக்குமேல் யாரோ ஒருவர் ஒரு புல்லைப் பிடுங்கினார்.

ஒரு ஜென்மம்கூட எலுமிச்சைப் பக்கம் போகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. நுனிக் கிளை மஞ்சளாகிவிட்டது. என் ஒரு பக்கெட் இந்த வெயிலுக்குப் போதவில்லை. நாளையிலிருந்து ஒன்றரை.

மே 19, ஞாயிறு

இன்னும் மஞ்சள். பூவெல்லாம் கொட்டிவிட்டது. பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை.

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், உப்பு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் யார் கார் நிற்கிறது? யாருக்கு இந்த மரம் கண்ணில் விழுந்த தூசி? மருந்தகத்தில் இருந்தவளிடமே மருந்து வேலையைக் காட்டுகிறாரா அந்த மனிதர்?

ஜூன் 2, ஞாயிறு

பொதுக்குழுக் கூட்டம். செயலாளருக்கு நாங்கள் வைத்த பேர் 'சுற்றறிக்கை'. வாயால் பேச வேண்டியதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். இன்று வாயாலேயே சொன்னார்.

"மரம் போன மாதிரிதான் தெரியுது. தொட்டிய இடிச்சா ரெண்டு கார் நிக்கலாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். துளிர்க்கலன்னா எடுத்துடலாம்."

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். பழைய நாற்காலியை எடுத்துப் போடுகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"மரம் தானா சாகல. சாகடிக்கிறாங்க. யாருன்னு எனக்குத் தெரியும்." பல் டாக்டரைக் கை நீட்டியே காட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. பிறகு மெதுவாக, "மேடம், நான் பல்லு புடுங்குறவன். மரம் புடுங்குறவன் இல்ல" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது அதைவிட மோசம். "அக்கா, ஆதாரம் இல்லாம ஒருத்தர் மேல பழி போடாத."

ஒரே வயிற்றில் பிறந்தவள்! அவருக்குப் பரிந்துகொண்டு வருகிறாள். ஆறு வாரமாக அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்காதவள் எனக்கு நியாயம் சொல்கிறாள்.

ஆதாரம்தானே வேண்டும்? இருக்கட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்றேன். இருட்டத் தொடங்கியபோது பல் டாக்டர் கார் வந்து நின்றது. இறங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். பின் கதவைத் திறந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனை எடுத்தார். நேராக எலுமிச்சைக்கு வந்து கவிழ்த்தார்!

பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாட்டுனீங்களா? என்ன ஊத்துறீங்க?"

"தண்ணி மேடம்."

"யாருகிட்ட கதை விடுறீங்க?" கேனில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

தண்ணீர்.

"அன்னைக்குக் கத்துனீங்கல்ல, ஒரு சொட்டு ஊத்தியிருக்கீங்களான்னு" என்றார். திருடியவர் மாதிரிக் கூசிக்கொண்டு நின்றார். "சுருக்குனு இருந்துச்சு. அதுலேருந்து தினமும் ஊத்துறேன். சொன்னா என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. மரத்த எடுக்கச் சொன்னவனே நான்தானே."

நான் அவர் கையை விடுவதற்குள் எதிர்க் கட்டடத்துக் கதவு திறந்தது. தங்கை. இடுப்பில் ஒரு குடம். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ எதுக்குடி வந்த?" என்றேன்.

"நான் தினமும் ராத்திரி வரேன், இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடி. நீதான் அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டியே."

"நான் விட்டேனா? காலையில ஒன்றரை பக்கெட் ஊத்துறவ நான்!"

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அம்மா, மத்தியானத்துல நானும் குழாயத் தொறந்து விடுவேனேம்மா. கவுத்து வெச்ச பூவாளிய காணோம். அதான் யாருமே ஊத்தலன்னு நெனச்சேன்."

மண்ணில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை சேறு. புளித்த நாற்றம்.

முப்பது வருடம் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். மருந்து கொடுத்தால் கொடுத்ததாகக் குறித்து வை, குறிக்காமல் போனால் அடுத்த ஷிப்டுக்காரர் மறுபடி கொடுப்பார், நல்ல மருந்தே ஆளை முடித்துவிடும் என்று. இங்கே நாலு பேர் ஒரு மரத்துக்கு நாலு வேளை கொடுத்திருக்கிறோம். வேர் அழுகினாலும் இலை துவளும். இலை துவண்டால் இன்னும் ஊற்றுவோம். விளிம்பில் படிந்த வெள்ளை, தண்ணீர் காய்ந்த உப்பு. எனக்கா தெரியாது? தெரியும். பல் டாக்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டதால் யோசிக்கவே இல்லை.

குறித்து வைக்க இருந்தது அந்த ஒரு பூவாளி. அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் துவைக்கும் கல் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

"நீ ஊத்துறன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றேன் தங்கையிடம்.

"நீ கேட்டியா? ஒரு போன் பண்ணியா?" என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பல் டாக்டர் கேனைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எனக்குப் பழக்கமில்லாத நிலைமை.

ஜூன் 5, புதன்

பல் டாக்டர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், நாற்காலியில உக்காந்து வாயத் தொறந்துக்கிட்டே இதைவிட மோசமா திட்டுவாங்க" என்றார். கொஞ்சம் கோபித்துக்கொண்டாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவ்வளவு நல்லவராக இருப்பதும் ஒரு மாதிரி எரிச்சல்தான்.

ஜூன் 9, ஞாயிறு

ஊரே கூடிவிட்டது. கையுறை போட்டோக்காரர்களும் இன்று முழங்கை வரை சேற்றில். தொட்டி மண்ணை அள்ளி வெளியே கொட்டினோம். அடிச்சுவரில் தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக் கிடந்தது. பல் டாக்டர் குப்புறப் படுத்துக் கம்பியை விட்டுக் குடைந்தார், தொழில் சுத்தத்தோடு. கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அழுகிய வேரை நான் வெட்டினேன். மேலே காய்ந்த கிளையைத் தங்கை வெட்டினாள்.

"எங்க வெட்டட்டும்கா?"

"உனக்குத் தெரியாதா? வெட்டு."

என் பால்கனிப் பக்கத்துக் கிளைகள் எல்லாம் போய்விட்டன. மணல் கலந்து புது மண் போட்டோம். மரம் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு மொட்டையாக நிற்கிறது.

டீ முதலிலேயே வந்தது. நான்தான் போட்டேன்.

ஜூன் 12, புதன்

இனி செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மண் நன்றாகக் காயும் வரை ஒரு துளி கூடாது. சாயங்காலம் தொட்டிப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தங்கையும் வந்து உட்கார்ந்தாள். நான் ஊற்றாமல் இருக்கிறேனா என்று அவள் பார்த்தாள். அவள் ஊற்றாமல் இருக்கிறாளா என்று நான் பார்த்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்றும் ஊற்றவில்லை. கை பரபரக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

சுற்றறிக்கை டேப் வைத்துத் தொட்டியை அளந்துகொண்டிருந்தார்! உயிர் இன்னும் போகவில்லை, அதற்குள் இடத்துக்கு அளவெடுப்பா? மூன்றாவது மாடியிலிருந்தே கத்தினேன். எதிர்ப் பால்கனியிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்து கத்தியது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல தொண்டை அவளுக்கு. எங்கள் அம்மாவின் தொண்டை.

ஜூன் 30, ஞாயிறு

கெடு நாள். முற்றத்தில் எல்லோரும் நின்றோம். செயலாளர் மரத்தைச் சுற்றி வந்தார். "பச்சையா ஒண்ணும் தெரியலயே" என்றார்.

"சட்டைப்பையில இருக்கிற கண்ணாடிய மூக்குல போட்டுப் பாருங்க" என்றாள் தங்கை.

போட்டுக்கொண்டு பார்த்தார். மிஞ்சிய கிளையின் கணுவில் பருப்பளவுக்கு ஒரு துளிர். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நானே அப்போதுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, தூசி விழுந்த மாதிரித் துடைத்துக்கொண்டேன். பல் டாக்டர் கை தட்டினார்.

துளிர்த்தது அவள் பால்கனிப் பக்கத்துக் கிளை. நட்டதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. மரம்கூட அவள் கட்சி!

மேலே போய்ப் பூவாளியை எடுத்து வந்து கம்பத்தில் மாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

புது மண்ணுக்கு மூன்று நாளைக்கு ஒரு பூவாளி போதும். இன்றைக்கு முறை. நான்தான் முதல் ஆளாக ஊற்ற வேண்டும் என்று வெளிச்சம் வரும்போதே இறங்கினேன்.

பூவாளி கவிழ்ந்து தொங்குகிறது. மூக்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப் பால்கனியில் அவள், கையில் டம்ளரோடு.

"நீ தூங்குறதே இல்லையாடி?"

"கத்தாத அக்கா. எல்லாரும் தூங்குறாங்க. மேல வா, டீ போட்டிருக்கேன்."

"களை யாரு புடுங்குறது?"

"ஒம்பதரைக்குத்தான வருவாங்க."

மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தேன். அளவாகத்தான் ஊற்றியிருக்கிறாள். பூவாளியைத் தொடாமல் அவள் கட்டடத்துப் படி ஏறினேன்.