மஞ்சள் தடவிய ஃபேக்ஸ்

மாப்ள,

இன்று காலை உன் கடைத் தாள் ஒன்றை என் மனைவி மளிகைச் சீட்டாக்கிவிட்டாள். பழைய கோப்புக்குள் பழுப்பேறிச் சுருண்டு கிடந்ததாம். எல்லா வீட்டுச் சீட்டும் தொடங்குவதுபோல முதல் வரியில் ‘மஞ்சள்’ என்று எழுதியிருந்தாள். பதறிப்போனேன். “வெறும் பேப்பருக்கு எதுக்குங்க இந்தக் குதி?” என்றாள். வெறும் பேப்பர்தான். ஃபேக்ஸ் தாளில் எழுத்து சில வருடம்தான் நிற்கும், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வை என்று நீ அன்றே சொன்னாய். நான் வேறு எதை ஒழுங்காகச் செய்தேன், இதைச் செய்ய?

தொண்ணூறுகளின் நடுவில், சென்னிமலை அடிவாரத்தில் உன் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுவது வெளியே கேட்காது என்று நம்பியவர்கள் பாவம். பாதி ஊரின் சம்பந்தப் பேச்சும் பங்காளிச் சண்டையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு மனப்பாடம். அந்த பெஞ்சு எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், எனக்கு இங்கிலீஷ் வரும் என்று ஊரில் உலவிய ஒரு வதந்தி. கிளப்பியவன் நானேதான்.

பிறகு நீ ஃபேக்ஸ் மிஷின் வாங்கிப்போட்டாய். அதற்கு உன் மாமனார் சொன்னதை இங்கே எழுத முடியாது. இரண்டு மாதம் அது துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. அப்போதுதான் சரசக்கா வந்தது.

தறி நெய்கிற சரசக்காவை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோவிலுக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி தறிச்சத்தம் கேட்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்து, போர்வைக்குச் சொந்தமாக ஒரு டிசைன் போட்டு அனுப்பு, பிடித்தால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஃபேக்ஸ் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதுவரை அக்காவுக்கும் பக்கத்து நாலு வீட்டுக்கும் நூல் கொடுத்துப் போர்வை எடுத்துவந்த வியாபாரியின் காதுக்கு இது போய்விட்டது. சீமைக்கு நேராகப் போகிறவர்கள் இனி என்னிடம் நூலுக்கு வரவேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பிவிட்டார். பதில் வந்தால் பிழைப்பு. வராவிட்டால் ஐந்து வீட்டுத் தறியும் நிற்கும்.

அக்கா கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து கொண்டுவந்தது. நாலு மூலையிலும் ஈரம் காயாத மஞ்சள்! நல்ல காரியத்துக்குப் போகிற முதல் தாளாயிற்றே. உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனாலும் நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளை ஃபேனுக்கடியில் காயவைத்து, மிஷினுக்குள் விட்டாய். அது முனகிக்கொண்டே தாளை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் துப்பியது.

அக்கா தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “ஏனுங்க தம்பி, பேப்பரு இங்கயே கெடக்குதுங்களே. பொறவு என்னதுங்க போச்சு?”

“சேதி போச்சுங்கக்கா. பேப்பரு நம்மகிட்டயேதான் இருக்கும்.”

அக்கா மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு தறிக்காரியின் கைக்கோடுகள் கடல் தாண்டிப் போனது எப்படி என்று விளங்கியா சிரித்தேன்? விளங்காதவர்கள் இரண்டு பேர். கும்பிடத் தெரிந்தது ஒருவருக்குத்தான்.

அடுத்து வந்தவரின் தாளை அதே மிஷினில் நகல் எடுத்தபோதுதான் பார்த்தாய். காய்ந்த மஞ்சளில் ஒரு துணுக்கு உள்ளே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோட்டை இழுத்திருந்தது. அக்காவின் டிசைனும் அப்படித்தான் போயிருக்கும். துடைத்துவிட்டுத் திரும்ப அனுப்பலாம் என்றால், தாள் அக்கா வீட்டில். உன் மொபெட்டில் போனோம். டிசைன் போய்விட்ட சந்தோஷத்தில், வாசலிலேயே ஆளுக்கொரு எள்ளுருண்டையைக் கையில் வைத்தார்கள். மஞ்சளைக் குற்றம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை, எள்ளுருண்டை இருந்தது. வந்த வழியே திரும்பினோம்.

நாலாம் நாள் கையிருப்பு நூலும் தீர்ந்து தறிகள் நின்றன. நீ சாப்பிடப் போகாமல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாய். எட்டாம் நாள் மத்தியானம் அது தானாக முனகியது. வேலையில்லாமல் பூத் வாசலிலேயே காத்துக்கிடந்த ஐந்து வீட்டாரும் எழுந்து ஓடிவந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார்கள். தாள் அங்குலம் அங்குலமாகச் சூடாகச் சுருண்டு வெளியே வந்தது. அத்தனை கண்களும் என் மேல். வாழ்க்கையில் முதல்முறையாக என் இங்கிலீஷுக்குப் பயந்தேன்.

டிசைன் நன்றாக இருக்கிறது, நூலுக்கு முன்பணம் வருகிறது என்றிருந்தது. கடைசி வரி: “எல்லாவற்றையும்விட, ஓரமாக ஓடும் அந்த ஒற்றைக் கோடு அழகு. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.”

“நான் கோடே போடலீங்களே,” என்றது அக்கா.

“மஞ்ச போட்டீங்கல்லங்க,” என்று சொல்லி நீ அழுதுவிட்டாய். சிரித்ததாகப் பிறகு சாதித்தாய்.

போன வைகாசியில் உன்னை வாசலில் கிடத்தியிருந்தபோது, நரைத்த தலையோடு சரசக்கா வந்தது. கையில் ஒற்றைக் கோட்டுப் போர்வை. அதன் நாலு மூலையிலும் ஈர மஞ்சள். சாவுக்குப் போர்த்துகிற துணியில் இப்படி மஞ்சள் தடவுவார்களா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. “அனுப்பறதுன்னா மஞ்சத் தடவித்தானுங்க அனுப்போணும்,” என்று சொல்லி உன்னைப் போர்த்தியது.

நீ அங்கேயேதான் கிடந்தாய் மாப்ள. பிறகு என்னதான் போச்சு?

அன்று வந்த அந்தப் பதில்தான், எழுத்தழிந்த தாளை மனைவியிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். ‘மஞ்சள்’ என்ற அந்த ஒரு சொல்லை அழிக்கவில்லை. மற்ற சாமான்களை வேறு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.