மெமரி போதாத கொம்பியூட்டர்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் டிலக்ஷிக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் சுகம். மெல்பேர்னில் நீயும் அபிஷனும் சுகமென்று நம்பத்தான் முடிகிறது. எத்தனை தரம் போன் எடுத்தாலும் நீ தூக்குவதில்லை. "எல்லாத்தையும் விளக்கமா மெயில்ல எழுதுறன்" என்று கடைசியாகப் பேசியபோது சொல்லிப் போனை வைத்தவள்தான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்து வீட்டுக் கிழட்டுக் கொம்பியூட்டர் கரைச்சல் கொடுத்தது. மெயிலைத் திறந்தால், மெமரி போதாதென்று பாதியில் மூடிவிடும். உன் மெயில் உள்ளே வரமுடியாமல் நிற்கிறது என்றே நினைத்தேன். போனில் பார்க்கலாமே என்பாய். பாஸ்வேர்ட் போட்டது அப்பா, அவருக்கே மறந்துபோய்விட்டது.

கொம்பியூட்டர் திருத்தும் ஜனாவை வெள்ளவத்தையிலிருந்து கூப்பிட்டேன். இந்தப் பழசுக்கு மெமரி கூட்டச் சாமான் கிடைக்காதாம். பழைய மெயில்களை அழிக்கச் சொன்னார். நான் முன்னமே அழித்தேனே என்றேன். பார்த்தால், அழித்ததெல்லாம் குப்பைத் தொட்டியில் அப்படியே கிடக்கிறது. புதுக்கடை நீதிமன்றத்தடியில் சட்டத்தரணியிடம் டைப் அடித்த காலத்துப் பழக்கம், ஐயா திரும்பக் கேட்பாரோ என்று கிழித்த தாளைக்கூட எறியமாட்டேன். ஜனா சிரித்துவிட்டார். அதுவும் இடம் பிடிக்குமாம்.

மிச்சமெல்லாம் அப்பாவுடையது. மாதா கோயில் பாடகர் குழுவினர் வருஷக்கணக்காக அனுப்பிய பாட்டும் வீடியோவும். அழிக்கட்டுமா என்று அவரிடம் கேட்கவே பயந்தேன். சைவப் பையன் அபிஷனை எங்கள் கோயிலில் கட்டாமல் பதிவுக் கல்யாணம் மட்டும் செய்தாய் என்று, அவனை வாசற்படி மிதிக்க விடமாட்டேன் என்று சத்தம் போட்ட மனிதர் அல்லவா. அவரோ எழும்பி வந்து, ஒரு பாட்டுக்கூட மிச்சம் வைக்காமல் தன் கையாலேயே அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலியாக்கினார். அதன்பிறகு மெயில் மூடாமல் நின்றது. தேங்கியிருந்ததெல்லாம் இறங்கத் தொடங்கியது. அப்பா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"பிள்ளை எழுதியிருக்கிறாளா?" என்று கேட்டார்.

கரண்ட் பில் வந்திருந்தது. யாரோ ஒருவரின் மரண அறிவித்தல், நுகேகொடைக் கடையொன்றின் விளம்பரம்கூட வந்திருந்தது. உன்னுடையது இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய மெஷின், இன்னும் இறங்கி முடியவில்லை என்றேன். நம்பிவிட்டார். இப்போது தேத்தண்ணிகூட அதன் முன்னால்தான் குடிக்கிறார்.

மகள், என்னோடு கோபமென்றால் இருந்துகொள், தாங்குவேன். அவருக்கு மட்டும் ஒரு வரி எழுது. அபிஷனின் பெயரையும் சேர்த்துப் போடு, ஒன்றும் சொல்லமாட்டார்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும்.

அதுவரை அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
மரியகொறற்றி