சிவப்பு அட்டையில் அத்தாவின் கையெழுத்து

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமுவிடம் காட்டாதீர்கள். படித்துவிட்டு, மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நாளைக் காலை பத்து மணி தாண்டிவிட்டால் தெருமுனைச் சுவரில்கூட ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்குக் கவலையில்லை.

என் அத்தாவுக்கு, உங்கள் மகளின் ஸலாம். ஸலாமோடு கொஞ்சம் கோபமும் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். ஹாலில் மாமு படுத்திருக்கிறார். விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். அதனால் உங்கள் சின்ன டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். விமானத்தின் வயிற்றுக்கடியில் நீங்கள் இப்படித்தான் கடித்துக்கொண்டு பார்ப்பீர்களாமே, அந்த டார்ச்தான். அதில் உங்கள் பல் தடம் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனதிலிருந்து அம்மா இத்தாவில் இருக்கிறார். நாலு மாதம் பத்து நாளில் இரண்டு மாதம்தான் போயிருக்கிறது. அது முடியும்வரை வெளி ஆண்கள் முன்னால் அம்மா வரமாட்டார். வருகிறவர்கள் ஹாலில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அம்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொள்கிறார். பதிலோ காகிதமோ எதுவானாலும் என் கையில்தான் வருகிறது, என் கையில்தான் போகிறது. நம் தெற்குவாசல் வீட்டுக்கு நான்தான் இப்போது தபால்காரி.

போன வாரம் கேஸ் தீர்ந்துபோனது. நீங்கள் இல்லாமல் முதல் தடவை. நானே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினேன். ரெகுலேட்டரை அழுத்தி, சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். பார்த்து முடித்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நான் பாத்துட்டேன். நீ பாரு."

நீங்கள் சொல்கிற வார்த்தை. சிலிண்டர் மாற்றின ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வந்து நிற்பீர்கள். அம்மா சலித்துக்கொள்வார். "நீங்க பாத்தா பத்தாதா? ஏங்க, இது என்ன ஏரோப்ளேனா?" நீங்கள் வாசலில் நின்றபடியே, "ஏரோப்ளேன்லயும் இப்படித்தான். மாட்டுனவன் ஒருத்தன், பாக்குறவன் இன்னொருத்தன். மாட்டுனவன் பக்கத்துல நின்னா பாக்குறவனுக்குக் கண்ணு கூசும்" என்பீர்கள்.

நான் அதைச் சொன்னதும் அம்மா அடுப்படி வரைக்கும் வந்தார். சிலிண்டரைப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். பார்க்கவில்லை அத்தா. முதல் தடவையாக நம் வீட்டுச் சிலிண்டரை ஒரே ஆள் பார்த்ததோடு விட்டுவிட்டோம்.

தேதி எழுதலாம் என்று கேஸ் புத்தகத்தைத் திறந்தேன். ரப்பர் குழாய் மாற்றின தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி என்று உங்கள் கையெழுத்து வரிசையாக இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஏதோ தடித்திருந்தது. உருவினேன். சிவப்பு அட்டையின் கார்பன் நகல்.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பழுதான பொருளைக் கழற்றினால் அதில் சிவப்பு அட்டை கட்டவேண்டும், கட்டிய பொருள் திரும்ப விமானத்தில் ஏறவே கூடாது என்று நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது ஞாபகம் இருந்தது. அட்டையில் போல்ட்டின் எண் இருந்தது. கட்டாய உத்தரவின்படி சோதித்தது, விரிசல் கண்டது, கழற்றியது என்று இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து.

அந்த உத்தரவு வந்த வாரம் நீங்கள் வீட்டுக்கு வந்ததே லேட்டு. "இந்த மாதிரி உத்தரவு வந்துட்டா யோசிக்கிற வேலையே கெடையாது. சொன்ன நாளுக்குள்ள பாக்கணும், சொன்னத மாத்தணும். இல்லேன்னா அது பறக்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றீர்கள். சக்கரக் காலில் இருக்கிற போல்ட்டில் சிவப்புத் திரவம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும் என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை என்றதும் என் டீ கப்பைக் காட்டினீர்கள். கழுவினால் தெரியாத விரிசல், டீ குடித்து முடித்தால் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கப்பை அப்போதே குப்பையில் போட்டீர்கள். எனக்குப் பிடித்த கப். அழுதேன். அதற்கும் இப்போது மன்னித்துவிட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை ஏன் முழுதாகச் சொல்லவில்லை? இன்னொரு விமானத்துக்கு மாட்டச் சொல்லி ஒரு பெட்டி கொடுத்தார்கள், அதற்குள் நீங்கள் சிவப்பு அட்டை கட்டின அதே எண் போல்ட், நல்லது என்ற சீட்டோடு இருந்தது. நீங்கள் மாட்டவும் இல்லை, கையெழுத்தும் போடவில்லை. விமானம் நாலு மணி நேரம் நின்றது. மறுவாரம் உங்களை ஸ்டோரில் காகிதம் அடுக்கப் போட்டார்கள். நீங்கள் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினீர்கள். இதையெல்லாம் நான் உங்கள் போனில் இருந்த புகாரின் நகலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களிடம் நீங்கள் சொன்னது ஒரே வரி: "ஸ்டோர்ல ஃபேன் காத்து நல்லா வருது."

ஒன்று கேட்கட்டுமா? சிவப்பு அட்டையின் நகல் ஆபீஸ் கோப்பில்தானே இருக்கவேண்டும்? அதை வீட்டுக்குக் கொண்டுவருவது விதிக்கு மாறு. ஆபீஸ் பேனாவைக்கூடத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற நீங்கள், அதை எடுத்துக் கேஸ் புத்தகத்தில் ஒளித்திருக்கிறீர்கள். கோப்பிலிருந்து அது காணாமல் போய்விடும் என்று பயந்தீர்களா? நீங்களும் பயந்தீர்கள், இல்லையா? அது தெரிந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

நான் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா திரைக்குப் பின்னால் இருந்து, "புத்தகத்துல என்னடி இருந்துச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். பொய்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அப்பாஸ் சார் வீடாம்மா? விமானப் பாதுகாப்பு ஆபீஸ்லருந்து பேசறேன். சார் அனுப்புன புகார் விஷயமா திங்கக்கிழமை பத்து மணிக்கு வரலாம்னு இருக்கேன். உங்க அம்மாகிட்ட பேசணும்."

"அம்மா இத்தாவுல இருக்காங்க மேடம். ஆம்பளைங்க முன்னாடி வரமாட்டாங்க."

"நான் பொம்பளதானேம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். "அப்ப நீங்க நேரா உள்ளயே வாங்க மேடம்" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இன்று மத்தியானம்தான் தெரிந்தது.

இன்று ராஜவேல் சார் வந்தார். நீங்கள் மாப்ள மாப்ள என்று கூப்பிடுவீர்களே, பெருநாளைக்கு நம் வீட்டில் இரண்டாம் தடவை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரே, உங்களைக் காகிதம் அடுக்க அனுப்பினாரே, அவர்தான். டைப் அடித்த ஒரு கடிதத்தை மாமுவிடம் கொடுத்தார். மாமு என்னிடம் கொடுத்து, "உள்ள போயி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டு வா தாயி" என்றார்.

வாசித்தேன். என் வாயாலேயே வாசித்தேன் அத்தா. அம்மாவே எழுதின மாதிரி அடித்திருந்தது: கடைசி மாதங்களில் என் கணவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கியிருந்தது, எண்களை மாற்றி எழுதும் நிலையில் இருந்தார், அவர் அனுப்பிய புகாரைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை.

அம்மா காகிதத்தை வாங்கித் தலையணைக்கடியில் வைத்தார். நான் ஹாலுக்கு வந்து, "அம்மா யோசிக்கணுமாம்" என்றேன்.

"யோசிக்க என்ன பாப்பா இருக்கு?" என்றார் ராஜவேல் சார். குரலில் பிரியம்தான் இருந்தது. "அப்பாஸ் அண்ணனுக்குக் கண்ணு மங்கிப்போயிருந்துச்சுல்ல, நமக்குத் தெரியாததா?"

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு சார். மௌத்தான வாரத்துல அம்மாவுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தாங்க, கண்ணாடி போடாம."

"ஊசி வேற, விமானம் வேற பாப்பா."

"ரெண்டையும் கண்ணாலதான சார் பாக்கணும்?"

"ஏய்!" என்று மாமு எழுந்துவிட்டார். "பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது? உள்ள போ!"

ராஜவேல் சார் மாமுவைக் கையமர்த்தினார். பிறகு சொன்னது என்ன தெரியுமா? "புள்ளைக்கு அவுங்க அத்தா படிச்ச படிப்புத்தான ஆசை? பன்னெண்டாவது முடிக்கட்டும். விமானப் பராமரிப்புப் படிப்புல கம்பெனியே சேத்துவிடும். எல்லாம் நாங்க பாத்துக்கிறோம். இந்தக் கடுதாசி மட்டும் வந்துரட்டும்."

எந்த ஆசையை உங்களிடம் மட்டும் சொன்னேனோ, அதை நீங்கள் எத்தனை பெருமையாக அவரிடம் சொல்லியிருப்பீர்கள்! அதையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வாசலில் செருப்புப் போடும்போது மாமுவிடம் மெதுவாகச் சொன்னார்: "விசாரிக்க வாரவரு ஹால்ல உக்காந்து கடுதாசிய வாங்கிட்டுப் போயிருவாரு மச்சான். இத்தாவுல இருக்காங்கன்னு சொல்லிட்டா உள்ள எட்டிக்கூடப் பாக்கமாட்டாரு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

வாரவரு! கம்பெனிக்கு வந்த காகிதத்தில் பதவிப் பெயர் மட்டும்தான் இருந்திருக்கும். விசாரிக்க வருகிறவர் ஆண்தான் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். யாரும் சரிபார்க்கவில்லை. அம்மாவின் திரையை நமக்குச் சுவராக வைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடிய ஆள்தான் வருகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மாமுவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் வந்து படுத்திருப்பதால்தான் இந்த இரண்டு மாதமும் நாங்கள் பயமில்லாமல் தூங்குகிறோம். சாயங்காலம் என்னை உட்கார வைத்துப் பேசினார். "மௌத்தானவருக்கு இனிமே வேல போகாது தாயி. உசுரோட இருக்கிற உனக்குப் படிப்பு கெடைக்கும். அந்தக் கம்பெனிய எதுத்துக்கிட்டு நாம இந்த ஊருல எம்புட்டு நாளு நிக்க முடியும்? காலையில ஒம்பது மணிக்குள்ள நீ கையெழுத்து வாங்கிருக்கணும். இல்லேன்னா நானே திரைக்கு அந்தப் பக்கம் வந்து வாங்கிக்கிறேன். கூடப் பொறந்தவனுக்கு என்ன திரை?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அவருக்கான பதிலை இப்போது சொல்கிறேன். அந்தக் கடிதம் உங்கள் பெயரை மட்டும் கெடுக்கவில்லை. நீங்கள் எண்ணைத் தப்பாக எழுதினீர்கள் என்று ஆகிவிட்டால், அந்த போல்ட்டை அப்புறம் யாரும் தேடமாட்டார்கள். அது இப்போது எங்கே இருக்கிறது? பெட்டியிலா? எந்த விமானத்தின் காலிலாவது இருக்கிறதா? பசுமலையில் எங்கள் வகுப்புக்கு மேலே விமானம் இறங்கிப் போகும்போதெல்லாம் நான் கரும்பலகையைப் பார்ப்பதில்லை. சக்கரம் வெளியே வருகிறதா என்று ஜன்னலைப் பார்க்கிறேன். போன வாரம் டீச்சர், "வானத்துல என்னம்மா பாடம் நடக்குது?" என்றார். வகுப்பே சிரித்தது. உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே அத்தா?

அந்தப் படிப்பு எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். ஆனால் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, நாளைக்கு நான் எந்த விமானத்தைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்? சொந்தமாக மார்க் எடுத்துப் போகிறேன். கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது படிக்கிறேன். அவர்கள் சேர்த்துவிட்டு நான் சேரமாட்டேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டீர்கள், தெரியும். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

வில்லாபுரத்தில் நெஞ்சு வலி வந்தபோது வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்த பிறகுதான் சரிந்தீர்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சாவி உங்கள் உள்ளங்கையில் இருந்தது. எண்ணை மாற்றி எழுதுகிற ஆளா நீங்கள்?

எனக்குப் பயம் போகவில்லை. அட்டையைக் காட்டினால் ஆபீஸ் காகிதத்தைத் திருடினவர் என்று உங்களைச் சொல்வார்கள். சொல்லட்டும். மாமு கை நீட்டுவார். நீட்டட்டும். அம்மா என்ன செய்வார் என்றுதான் தெரியவில்லை. தலையணைக்கடியில் இருக்கிற காகிதத்தில் இந்நேரம் கையெழுத்து இருக்கிறதா இல்லையா? கேட்கத் தைரியம் வரவில்லை.

இருந்தாலும் சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டேன். பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். அந்த மேடத்தைக் கைபிடித்து ஹாலைத் தாண்டி உள்ளே கூட்டிக்கொண்டு போவேன். சிவப்பு அட்டையை அவர் கையிலேயே கொடுப்பேன். அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் கொடுப்பேன். நான் பார்த்துவிட்டேன் அத்தா. அந்த எண்ணை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணைக் கொண்டு பிறந்த மகள்

கதவைத் தட்டுகிறார்கள். டார்ச்சை அணைத்துவிட்டேன், இருட்டில் எழுதுகிறேன். தட்டுவது மாமு இல்லை. அம்மாவின் குரல்.

"அந்தக் கேஸ் புத்தகத்துல இருந்தத நீ பாத்துட்டேல்ல? கதவத் தொற. நான் இன்னும் பாக்கல."