கேட்காத அனுமதி

தோகா,
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிளசிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேச்செடுத்தால் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், அறையில் இருப்பவர்கள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். அதனால்தான் இந்த மெயில். பொறுமையாகப் படி.

நேற்று வீட்டிலிருந்து ஆரோக்கியராஜ் அண்ணன் பேசினார். வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வரத்தான் நீ சைக்கிள் வாங்கினாய் என்று நினைத்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை, காட்டோரம் என்று சுற்றுகிறாயாமே? "டீக்கடையில உக்கார முடியலடா, உம் பொண்டாட்டி பேச்சுதான்" என்றார். எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் யானை இறங்குகிற இடம். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அம்மாவும் ஒன்று சொன்னாள். எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிறது. "கல்லுலயும் மேட்டுலயும் சைக்கிள் மிதிச்சா வயித்துல எப்படிடா தங்கும்?" என்று அழுகிறாள். வயதானவள் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அந்தோணி


பாப்பாரப்பட்டி,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பிளசி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அங்கே வெயில் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். டீக்கடைச் செய்தி மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அத்தை சொன்னதற்குப் பதில். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிறீர்கள். வயிற்றில் தங்காததற்குக் காரணம் சைக்கிள் என்று சொன்னால் அந்தச் சைக்கிளே சிரிக்கும். தர்மபுரி டாக்டரம்மா இரண்டு பேரும் வரவேண்டும் என்றார். நான் போனேன், ஊசி குத்திக்கொண்டேன், படுக்கச் சொன்னபோதெல்லாம் படுத்தேன். நீங்கள் ஒருமுறையாவது வந்தீர்களா? இதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, யானை. நாங்கள் காட்டுக்குள் போவதில்லை. வனத்துறைக்காரர் காட்டிய இடத்தோடு திரும்பிவிடுகிறோம். நம் ஊரிலிருந்து மாந்தோப்பு வழியாகச் செம்மண் தடம், அதைத் தாண்டி ராகிக் கொல்லைகள், பிறகு பெரிய ஏரியின் கரை. அங்கே தண்ணீர் வடிந்த பக்கம் முழுக்கச் சேறு. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். நத்தைகுத்தி நாரைகள் நாங்கள் போனாலும் பறப்பதில்லை, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும். ஊர்க்காரர்களைவிட மரியாதை தெரிந்தவை. ஏரி தாண்டினால் சரளைக்கல் பாதை, காட்டு ஓரமாகவே ஓடும். அங்கே ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி, "எல்லிகம்மா ஹோக்தியா?" என்று கன்னடத்தில் எங்கே போகிறேன் என்று கேட்பாள். சும்மாதான் என்பேன். "சும்மாவா, நல்லாப் போ" என்று சிரிப்பாள்.

இந்த வழியெல்லாம் நானாகத் தேடிக் கண்டுபிடித்தது மாமா. முள் குத்தி, சறுக்கி விழுந்து, வழி முடிந்துபோய்த் திரும்பி வந்து கண்டுபிடித்தது. இதுவரை என் வாழ்க்கையில் எல்லாமே வேறு யாரோ போட்ட வழி. இது ஒன்றுதான் நான் போட்டது.

விட மாட்டேன்.

அன்புடன்,
பிளசி


தோகா,
2 செப்டம்பர் 2025

பிளசிக்கு,

உன் மெயிலை இரண்டு முறை படித்தேன். டாக்டர் விஷயத்தை எழுத்தில் போட வேண்டுமா? யாராவது படித்தால் என் மானம் என்னாகும்?

இனி நீண்ட பேச்சு வேண்டாம். சைக்கிளை அண்ணனிடம் ஒப்படைத்துவிடு. நான் வந்தபிறகு என்ன செய்வது என்று பார்க்கலாம். கேட்கவில்லை என்றால் டிசம்பரில் நான் ஊருக்கு வர மாட்டேன். கிறிஸ்துமஸை இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

அந்தோணி


பாப்பாரப்பட்டி,
5 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இன்று தெரிந்துவிட்டது.

காலையில் சைக்கிளை எடுக்க மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். உங்கள் அண்ணன் அங்கே நின்றிருந்தார். கையில் கறி வெட்டுகிற கத்தி. இரண்டு டயரும் குடல் சரிந்த மாதிரி தொங்கின.

"இனிமே நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன்" என்றார்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றேன்.

பாப்பாரப்பட்டி பஸ் நிலையத்தில் ஆறு பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் நம் பக்கத்துக்காரர்கள்தான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் பூசை முடிந்து கூட்டம் வெளியே வருகிற நேரம். ஒளித்துக்கொண்டு பின்பக்கமாகப் போயிருக்கலாம். போகவில்லை. மாதா கோயில் மதில்மேல் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினேன். கிழிந்த டயர் தெரிகிற மாதிரி.

"என்னாச்சும்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க வூட்டுப் பெரியவரு கத்தியால அறுத்தாருங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து உங்கள் தங்கை லூர்துமேரி வந்தாள். தலையில் முக்காடு கூட எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, பாப்பாவோட ஸ்கூல் சைக்கிள் வூட்லதான் நிக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அவள் வீட்டுக்காரர் முறைத்தார். "நீங்க போயி இட்லி சாப்புடுங்க, நான் வர்றேன்" என்று அவரையும் அனுப்பிவிட்டாள்.

அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் மாமா அது. கியர் கிடையாது, முன்னால் கூடை, செயின் கவர் லொடலொட என்று ஆடும். அதில்தான் இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். சேற்றில் இறங்கித் தள்ளினேன். சரளைக்கல்லில் குலுங்கிப் பல்லெல்லாம் ஆடியது. அந்த ஆறு பேரும் லட்சக்கணக்கில் விலையுள்ள சைக்கிள்களை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் மெதுவாக வந்தார்கள். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் தார்ச்சாலையை விட்டு இறங்கவில்லை, அது வனத்துறை விதி. ஒகேனக்கல்லில் மீன் வறுவல் சாப்பிட்டோம். தண்ணீர் ஓ என்று விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன். யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பி வந்தபோது உங்கள் அண்ணன் வாசலில் நின்று, "இந்த வூட்ல இருக்கணும்னா இதெல்லாம் ஆகாது" என்றார். சரிங்க என்றேன். எதற்குச் சரி என்று அவருக்கு இன்னும் புரியவில்லை.

பிளசி


தோகா,
19 அக்டோபர் 2025

அன்புள்ள பிளசிக்கு,

நீங்கள் எல்லோரும் ஒகேனக்கல் போன வீடியோவை யாரோ அனுப்பினார்கள். அறையில் எல்லோரும் பார்த்தோம். "யாருண்ணே இது, கூடை வச்ச சைக்கிள்ல முன்னாடி போறது?" என்று ஒரு பையன் கேட்டான். என் மனைவி என்றேன். சொல்லும்போது ஒரு மாதிரி பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

அண்ணன் கத்தி எடுத்தது தப்புதான். ஆனாலும் பெரியவர், அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தவர். யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ சைக்கிள் ஓட்டிக்கொள். அனுமதிக்கிறேன். வெளி ஆண்கள் யாரும் கூட வரக்கூடாது. நான் ஊரில் இருக்கும் மாதம் எங்கும் போகக்கூடாது. கோயிலில் வைத்துப் பேசியதற்கு அண்ணனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. இவ்வளவுதான். இதற்குமேல் எந்தப் புருஷன் இறங்கி வருவான்?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் லீவு கிடைக்கவில்லை, ஆனாலும் டிக்கெட் போட்டுவிட்டேன். டிசம்பர் 28 காலையில் ஊரில் இருப்பேன்.

உன்
அந்தோணி


பென்னாகரம்,
2 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி. பெருமையாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பென்னாகரத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்து வந்துவிட்டேன். கிளம்பும்போது உங்கள் அண்ணன் வெளியே வரவில்லை. அத்தை வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு டப்பா நிறையப் புளியைக் கையில் திணித்து, "கடையில வாங்காத, கல்லும் மண்ணுமா இருக்கும்" என்றாள். பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அனுமதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மெயில்களை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். நான் எந்த இடத்திலும் அதைக் கேட்கவில்லை மாமா. கேட்காத ஒன்றுக்கு நீங்கள் நிபந்தனை போட வேண்டிய சிரமமும் இல்லை. மன்னிப்பும் கேட்க மாட்டேன். நடந்ததைத்தான் சொன்னேன்.

உங்களை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போவதா, இங்கே வருவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே வந்தால் சந்தோஷம். டாக்டரம்மாவிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். போகவில்லை என்றாலும் நாம் இரண்டு பேராகவே இருக்கலாம், எனக்குச் சம்மதம்.

டிசம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை. காலையில் புது டயர் போட்ட சைக்கிளில் ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவேன், ஆண்களும் வருகிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், பச்சைக் கதவு வீடு. சாவி பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் இருக்கும். அரிசி பானையில் இருக்கிறது, அடுப்பு பற்றவைக்க லைட்டர் ஜன்னல் மேல் இருக்கும். நான் வர மதியமாகும். பசியோடு வருவேன்.

அன்புடன்,
பிளசி