இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் படைதிரண்டு வந்து மூக்கில் இறங்கியது. நேற்றைய விருந்தின் மல்லிகையும் பொரித்த இறாலும் கோட்டில் ஒட்டிக்கொண்டு அதனோடு போராடிப் பார்த்துத் தோற்றிருந்தன. நான் போட்ட தும்மலில் வெள்ளவத்தைக் கடல் இரண்டு முழம் பின்வாங்கியது. அப்போதுதான் உனக்கு எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன், மச்சான். நேற்று உன் மகளின் கலியாண வரவேற்பு. தகப்பனுக்குச் சொல்லாமல் விடலாமா?

கோட்டின் சரித்திரத்தை உனக்கே சொல்வது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் செத்தவர்களுக்கு மறதி கூடுதல் என்று கேள்வி. நாம் இருவரும் கப்பல் கம்பனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உன் மாமா லண்டனிலிருந்து சாம்பல் நிறத் துணி அனுப்பினார், ஒரே ஒரு கோட்டுக்கு மட்டும். நீ பேசாமல் உனக்கே தைத்திருக்கலாம். "நான் கோட்டும் நீ வெறும் சேட்டுமா நடந்தா, முதலாளியும் பியோனும் போற மாதிரி இருக்கும்டா" என்றாய். கொட்டாஞ்சேனைத் தையற்காரர் நம்மை அருகருகே நிறுத்தி அளந்தார். உயரம் ஒன்று, தோள் ஒன்று, வயிறு மட்டும் இரண்டு தேசம். உன்னுடையது கண்டம், என்னுடையது பள்ளத்தாக்கு. மனிதர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு வரிசைப் பொத்தான் வைத்தார். விளிம்போரமாக உனக்கு, நான்கு விரல் உள்ளே தள்ளி எனக்கு. நான் போட்டால் உன் பொத்தான்கள் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். நீ போட்டால் என்னுடையவை வெளியே நின்று ஊரை வேடிக்கை பார்க்கும். ஊர் அதை லண்டனின் கடைசி நாகரிகம் என்று நம்பியது. அரை நகரம் அதைப் பார்த்துத் தைத்துப் போட்டது என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

போட்டவன் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, மற்றவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அடுத்த விசேஷம் அவன் முறை. இந்த நாட்டில் ஒரு திருத்தமும் காணாத அரசியலமைப்பு அது ஒன்றுதான். இருவருக்கும் ஒரே கலியாணத்துக்கு அழைப்பு வந்தால் தாலிகட்டுக்கு நீ, சாப்பாட்டுக்கு நான். மண்டபத்துக் குளியலறைதான் நம் எல்லைச் சாவடி. ஒருமுறை பெண்ணின் தகப்பன் படங்களைப் புரட்டிவிட்டு, "என்ன தம்பிமார், கோட்டு எல்லாப் படத்திலயும் நிக்குது, ஆள்தான் மாறிக்கொண்டிருக்கு" என்றார். "கோட்டுக்குத்தான் அழைப்பு ஐயா, நாங்க கூட வந்தனாங்கள்" என்றாய் நீ, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

உன் மகள் ஐந்து வயதில் வாசலில் நின்று பொத்தானைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள்: "வெளியில தெரிஞ்சா அப்பா. தெரியாட்டி அங்கிள்."

நீ போனபோது என் முறை. உனக்கே அதைப் போட்டு அனுப்பலாம் என்றுதான் கொண்டுவந்தேன். உன் மனைவி கையைத் தடுத்தாள். "அண்ணா, அதை எரிக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்." ஆகவே உன் மரண வீட்டில், வேர்த்து ஒழுகும் ரீ-சேட்டுகளுக்கு நடுவே, நான் மட்டும் கோட்டோடு நின்றேன். அதன் பிறகு அதைத் தொடவில்லை.

போன கிழமை உன் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பாட இடத்தில நீங்கதான் என்னை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகணும். ஆனா அந்தக் கோட்டு வேண்டாம். எல்லாரும் வெள்ளை லினன் சேட்தான், கழுத்துப் பொத்தான் திறந்து."

"கழுத்தைத் திறந்துகொண்டு வர, நான் என்ன தொண்டை டொக்டரிட்டயா வாறன்?"

"சிரிக்காதேங்கோ. கோட்டோட வந்தா நான் சித்தப்பாவோட நடப்பன். சீரியஸா சொல்றன்."

என் மனைவியும் அவள் பக்கம். "அது பிள்ளையிட நாள், உங்கட நாள் இல்லை. சேட்டைப் போடுங்கோ." நியாயம்தான். லினன் சேட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன், மச்சான். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடிவந்த நோயாளி நின்றான். ஒரு தடவை, ஒரேயொரு தடவை என்று கோட்டை எடுத்து மாட்டினேன். என் பொத்தான் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன், முருகனைக் கூப்பிட்டேன், எட்டவேயில்லை. உன் பொத்தானை இழுத்தேன். பட்டென்று பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எப்படி அதைக் கழற்றுவது?

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டோக்காரன், "மஹத்தயா, நடுவகட்டத?" என்று சிங்களத்தில், வழக்குக்கா போகிறேன் என்று கேட்டான். "ஓவ்" என்று தலையாட்டினேன், பொய்யில்லை. ஹோட்டல் புல்வெளியில் அரைக் காற்சட்டை போட்ட ஒரு கனவான் என்னைக் கைதட்டி அழைத்து, "இந்த மேசைக்குத் தண்ணி வரேல்ல, கொஞ்சம் பாருங்கோ" என்றார். இந்தக் காலத்தில் கோட்டுப் போடுகிறவர்கள் வழக்கறிஞரும் ஹோட்டல் மேலாளரும்தானே. தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் கேட்டவனோடு வாதாடுவது நம் கோட்டுக்கு அழகில்லை.

பிறகு உன் மகள் வந்தாள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. திரும்பித் தன் சித்தப்பாவைத் தேடினாள். அவரும் வெள்ளை லினனில், ஒரு கையை நீட்டியபடி, தயாராக நின்றார். நான் விலகவில்லை. கெஞ்சவும் இல்லை. வேண்டுமானால் பின்னால் நடப்பேன், ஆனால் உன் கோட்டோடுதான் நடப்பேன் என்று மார்பை நிமிர்த்தி நின்றேன். நிமிர்த்தியது மார்புதான், முன்னுக்கு வந்தது வயிறு.

அவள் கண் அங்கே நின்றது.

"அங்கிள்... பொத்தான் வெளியில தெரியுது."

"ஓம்."

"நீங்க போட்டா தெரியாதே."

"உங்கப்பாட பொத்தான்லதான் பூட்டியிருக்கு மகள். எனக்கும் வயிறு வந்திட்டுது."

கண் மை கரைவதற்குள் சிரித்துவிட்டாள். என் கைக்குள் கையைக் கொடுத்தாள். "மெல்ல நடவுங்கோ, பொத்தான் அறுந்திடும்" என்றாள். மேடைவரை முப்பது அடி இருக்கும். நான் முப்பது மைல் நடந்தேன். உன் பொத்தான் ஒரு நூல்கூட அசையவில்லை.

இப்போது அது கதிரையில் சாய்ந்து கிடக்கிறது. மனைவி லோண்டரிக்குக் கொடுக்கச் சொல்கிறாள், கொடுக்கமாட்டேன். மகன் நுகேகொடையிலிருந்து அழைத்து, "அப்பா, இனியாவது அதை யாருக்காவது குடுங்கோ" என்கிறான். குடுக்கமாட்டேன். உன் கோட்டு என் தோளில், உன் பொத்தான் என் இடுப்பில், போதாக்குறைக்கு உன் வயிற்றையும் நானே சுமக்கிறேன்.

இப்போது மினுக்கப்போகிறேன், மச்சான், நம் சட்டப்படி. அடுத்த விசேஷம் உன் முறை. ஆண்பிள்ளையென்றால் வந்து வாங்கிப் பார்!