கமலம் வாசித்த செய்தி

17 ஜூலை 1963, புதன்கிழமை. மாயாபந்தர்.

பள்ளிக்கூடம் என்றாலே ஓடி ஒளிந்த கமலம், வகுப்பில் செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. இன்று கப்பலில் வந்த மூன்று வாரப் பழைய தாளை, நான் முதலில் பார்க்காமலே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

பஸ் கவிழ்ந்த செய்தியைச் சத்தமாக வாசித்தாள். இறந்தவர்களின் பெயர்களில், "அந்தமான் மரத் தொழிலாளி மாரிமுத்துவின் மனைவி பொன்னம்மா" என்று வந்ததும் நின்றாள். பிரசவத்துக்காக ஊருக்குப் போன அவள் அம்மா.

"பேப்பர்ல வர்றதை எல்லாம் அப்படியே நம்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்? இது ஜூட்டு நியூஸ்தானே, பொய்தானே?"

"விசாரிப்போம்மா" என்றேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு மரக்கிடங்குக்குப் போனேன். மாரிமுத்து எங்களைப் பார்த்ததுமே சட்டைப் பையிலிருந்து கசங்கிய தந்தியை எடுத்தார்.

"அப்பவே வந்துடுச்சு டீச்சர். புள்ள இப்பத்தான் இஸ்கூலுக்கு ஆசையாப் போவுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கமலம் அதை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. என்னிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க டீச்சர்."

நான்தான் படித்துச் சொன்னேன்.