வாடிப்பட்டி வாசகர்

மாப்ள,

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை மதுரை மாநகரில், என் டிரங்குப் பெட்டிக்குள், ஒரு கரப்பான்பூச்சி உன் கையெழுத்துப் பத்திரிகையைத் தின்னத் தொடங்கியது. புளியங்கொட்டைப் பசை போட்ட ஓரம் மட்டும்தான் போயிற்று. ஓவியத்தை அது தொடவில்லை. அதற்கும் புரியவில்லை போலும்.

பெட்டியைத் திறந்ததும் அந்தப் பசை வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

யுத்தக் காகிதப் பஞ்சத்தில் மாதம் ஒரே ஒரு பிரதி. நீயே எழுதி, நீயே வரைந்து, நீயே ஒட்டுவாய். அது வீடு வீடாகக் கைமாறும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுத வேண்டும். அது உன் சட்டம்.

அந்த மாதம் ஆலை வேலைநிறுத்தத்தை வரைந்திருந்தாய். ஆலை வாசலில் முகமே இல்லை. வெறும் கால்கள், சாய்ந்து நிற்கும் புகைபோக்கி. எதிர்ப்பக்கத்தில் ஒரு கவிதை, ஆலைச் சங்கு விட்டுவிட்டு ஊதுவதுபோல உடைந்த வரிகளில்.

"தலையெல்லாம் எங்கடா? பேப்பர் பத்தலையா?" என்றேன்.

"அம்புட்டுப் பேரு வெளிய வந்தாங்கன்னுதான மாப்ள பேப்பர்ல எழுதுறாங்க? எவன் மூஞ்சியப் பாத்தான்? பழைய மாதிரி வரைஞ்சா பொய்யாப் போயிரும்."

பத்திரிகையை வாங்கி அந்தக் கால்களை இன்னொரு தரம் பார்த்தேன். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் 'தலையில்லாத படம், தலைகால் புரியாத கவிதை' என்று என் பெயர் போட்டே எழுதினேன். நம் வகுப்பே சிரித்தது. மற்றவர்களும் வரிசையாக வைது எழுதினார்கள். படித்துவிட்டு, "இதோட நிறுத்திரலாம்னு இருக்கேன்" என்றாய்.

அதன்பிறகுதான் என் மகா குறும்பு. அதே பக்கத்தில், கையெழுத்தை மாற்றி, நான்கு வரி பாராட்டு: 'இந்தக் கால்களின் சத்தம் எனக்குக் கேட்கிறது...' கீழே, 'வாடிப்பட்டி வாசகர்'.

நீயோ வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்கே போய்விட்டாய்! வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, "ஆளு சிக்கல மாப்ள. பரவால்ல, ஒருத்தருக்குப் புரிஞ்சிருச்சுல்ல" என்று அடுத்த இதழுக்குக் கோடு போட உட்கார்ந்தாய். அது பாதியில் இருக்கும்போதே டைபாய்டு உன்னைக் கொண்டுபோயிற்று.

உன்னை ஏமாற்றிய கதையை எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்!

ஓரத்தை இப்போது ஒட்டிவிட்டேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. குறும்பு என்றால் நான் எழுதிய அந்தத் 'தலையில்லாத படம்' அபிப்பிராயம்தான். பையன்கள் சிரிக்க வேண்டுமென்று எழுதியது. பாராட்டிய நான்கு வரியும் நிஜம். பெயர் போட வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதன் கீழே 'வாடிப்பட்டி வாசகர்' என்றிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, என் பெயரை எழுதியிருக்கிறேன்.